மகன் வந்து சேரும்வரை

கொட்டிவாக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "எப்போ எடுக்கிறாங்க?" என்பதுதான். ஒரு தலைமுறைக்கு முன்பு இதற்கு விடை சொன்னது சூரியன். காலையில் போனவரைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். இரவில் போனவரை மறுநாள் உச்சிக்குள். இன்று பல வீடுகளில் விடை சொல்வது விமான அட்டவணை. "பெரியவன் சான் ஃப்ரான்சிஸ்கோவிலேர்ந்து கிளம்பிட்டான். நாளன்னிக்கு விடியக்காலம் வந்துடுவான். வந்ததும் எடுத்துடலாம்."

திருவான்மியூரைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவது கொட்டிவாக்கம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. கடலோரம் மீனவர் குப்பம். உள்ளே வந்தால், பணி ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கும் அடுக்ககங்கள். மேற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள். அந்த நிறுவனங்களின் வாசல் வழியாகவே பல வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள். போனது குடும்பத்தின் முழுச் சம்மதத்தோடு. ஏன், குடும்பத்தின் வேண்டுதலோடு. அப்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று, அப்பா கண்ணை மூடிய இரவில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு தூரம் போனால் ஒருவன் தூரத்தில் இருப்பவன் ஆகிறான்? அப்படி ஆனவனுக்கும் கடமை ஒன்றுதானா?

கிலோமீட்டரில் விடை சொல்வது எளிது. மீனம்பாக்கத்திலிருந்து சான் ஃப்ரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் பூமியின் வளைவோடு ஒட்டி அளந்தால் சுமார் 13,900 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய உலகப்படத்தைப் பார்த்தால் பசிபிக் பெருங்கடலுக்குக் குறுக்கே ஒரு கோடு போடத் தோன்றும். உருண்டையின்மேல் நூல் பிடித்துப் பார்த்தால் அந்த வழி சென்னையிலிருந்து வடக்கு வடகிழக்காக வங்கக் கடலைக் கடந்து, சீனாவின் மேலேறி, சைபீரியாவில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவில் இறங்குகிறது. ஆனால் சென்னையிலிருந்து அந்த ஊருக்கு நேர் விமானம் கிடையாது. துபாய் வழியாக வந்தால் 13,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு 2,900 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். கடைசியில் மீனம்பாக்கத்திலிருந்து கொட்டிவாக்கம். காகம் பறக்கும் வழியில் பத்து கிலோமீட்டர்தான்; பள்ளிக்கரணை வழியாக ரேடியல் சாலையில் நெரிசல் நேரத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் போய்விடும்.

ஆக, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஒரு நாளுக்கு மேல். அதோடு கடிகாரம் வேறு: கலிபோர்னியா நம்மைவிடக் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்தங்கியது. திங்கள் பிற்பகல் அங்கே ஏறியவன் புதன் விடியலில் இங்கே இறங்குவான்.

அந்த இரண்டு நாளும் கூடத்தின் நடுவே ஐஸ் பாக்ஸ் இருக்கும். கண்ணாடி மூடியின் வெளிப்புறம் ஈரம் பூத்து முகம் மங்கும். யாராவது ஒருவர் துணியால் துடைப்பார், சற்று நேரத்தில் மறுபடியும் பூத்துவிடும். கம்ப்ரெசர் ஓடும்போது பெட்டியின் கால்மாட்டில் தண்ணீர் சொட்டும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பார்கள். மின்சாரம் போனால் எல்லோரும் ஒருசேர எழுந்து நிற்பார்கள். வாசலில் வாடகை நாற்காலிகள். மருமகன் கையிலுள்ள கைப்பேசியில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் காஸ்பியன் கடல் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து அதைப் பார்ப்பார்கள். சாஸ்திரப்படி வீட்டில் பிரேதம் இருக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அறுபது எழுபது வயதுக்காரர்கள், சர்க்கரை நோய்க்காரர்கள், இரண்டு நாள் பக்கத்து வீட்டுக் காப்பியில் ஓட்டுகிறார்கள்.

இதை மாற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் "சம்பிரதாயத்தை விடுங்கள்" என்பார்கள். காத்திருக்க வேண்டும் என்பவர்கள் "சாஸ்திரம் சொல்கிறதே, மகன்தானே கொள்ளி வைக்க வேண்டும்" என்பார்கள். இரு தரப்பும் சாஸ்திரம் காத்திருக்கச் சொல்கிறது என்றே நம்புகின்றன. உண்மையில் அது அப்படிச் சொல்லவில்லை.

தர்மசாஸ்திர நூல்களுக்குத் தூரம் என்பது புதிய சிக்கலே அல்ல. வணிகனும் யாத்திரை போனவனும் படையில் சேர்ந்தவனும் அப்போதும் வெளியூரில்தான் இருந்தார்கள். மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் (அந்த நூலின் மற்ற விதிகளை ஏற்காதவர்கள்கூட இந்த ஓர் இடத்தை வாசித்துப் பார்க்கலாம்) அயல்தேசத்தில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி வந்து சேர்வதைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. பத்து நாளுக்குள் கேள்விப்பட்டால் மிச்ச நாள்களுக்குத் தீட்டு. பத்து நாள் கழித்துக் கேட்டால் மூன்று இரவு. ஓராண்டு கழிந்து கேட்டால் குளித்தால் போதும். இது பொதுவாகப் பங்காளிகளுக்கு. தாய் தந்தை விஷயத்தில் பைடீனசி என்ற ஸ்மிருதிகாரர் பெயரால் வழங்கும் விதி இன்னும் தெளிவு: எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மகனுக்குச் செய்தி காதில் விழுந்த நாள்தான் முதல் நாள், அன்று தொடங்கிப் பத்து நாள்.

இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைக் கவனிக்க வேண்டும். மகன் இல்லாமலே தகனம் முடிந்துவிட்டிருக்கும் என்பதை அவை எடுத்த எடுப்பிலேயே ஏற்றுக்கொள்கின்றன. அதற்காக அவனைக் குற்றவாளி ஆக்கவில்லை. அவன் கடமை அவன் காதில் தொடங்குகிறது, சுடுகாட்டில் அல்ல.

அப்படியானால் "அயல்தேசம்" எது? இந்தக் கேள்வியையும் தர்மசாஸ்திர ஆசிரியர்கள் விட்டுவைக்கவில்லை. இடையே பேராறு குறுக்கிட்டாலோ மலை மறித்தாலோ பேச்சு மாறினாலோ அது தேசாந்தரம் என்பது ஒரு வரையறை. பிருகஸ்பதி என்ற ஸ்மிருதிகாரர் பெயரில் வருவது யோசனைக் கணக்கு: சிலர் 60 யோசனை என்கிறார்கள், சிலர் 40, சிலர் 30. ஒரு யோசனையைப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் என்று கொண்டால் 30 யோசனை என்பது சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தூரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். மூன்றாவது வரையறைதான் வியப்பூட்டுவது. பத்து இரவுக்குள் செய்தி வந்து சேராத இடம் எதுவோ அதுவே தேசாந்தரம்.

தூரத்துக்கு இன்று நாம் சொல்லும் இரண்டு எண்களும் இங்கேயே இருக்கின்றன. ஒன்று நிலத்தின் நீளம், மற்றொன்று ஆகும் நேரம். நேரத்தில் அளந்தவர்கள் பயணியின் நேரத்தை அளக்கவில்லை என்பதுதான் முக்கியம். அவர்கள் அளந்தது செய்தியின் நேரத்தை. அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றே. செய்தி கொண்டுவந்தவன் நடந்து வந்தான். செய்தி கேட்டவனும் நடந்துதான் திரும்ப வேண்டும். போகவர ஒரே வேகம்.

இந்த இரண்டும் பிரிந்ததற்குத் தேதி உண்டு. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அன்று முதல் நாகப்பட்டினத்துச் சாவு பினாங்குக்கு மணிக்கணக்கில் போய்ச் சேர முடிந்தது. பினாங்கிலிருக்கும் மகனோ கப்பல் பிடித்துத்தான் வர வேண்டும். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். மலேயாத் தமிழர் பல்லாயிரம் பேர் தாய் தந்தை சாவைத் தந்தித் தாளில் வாசித்து, அங்கேயே ஆற்றங்கரையில் முழுகி, மொட்டையடித்துக்கொண்டு, அடுத்த ஆண்டுதான் ஊர் வந்தார்கள். யாரும் அவர்களைக் கடமை தவறியவர்கள் என்று சொல்லவில்லை. இங்கிலாந்து போனவர்களுக்கு இன்னும் தூரம். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-இல் நெவாசா கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 14-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார், நான்கு வாரம். அன்று அவர் குடும்பம் அஞ்சியது தூரத்தை அல்ல, கடலைத் தாண்டுவதால் வரும் தோஷத்தை. கலியுகத்தில் விலக்க வேண்டியவற்றின் பட்டியலில் கடற்பயணம் இருந்தது. இன்று அதே கடலைத் தாண்டிய பிள்ளைக்காக அதே சமூகம் இரண்டு நாள் காத்திருக்கிறது. விலக்கு எப்போது கரைந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

மயிலாப்பூரில் 1906-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் தொடங்கிய சம்ஸ்கிருதக் கல்லூரியில் தர்க்கம் படிக்கும் மாணவனைக் கேட்டால் தொலைவு பற்றி வேறொன்று சொல்வான். வைசேஷிக தத்துவத்தில் பொருள்கள் ஒன்பது. மண், நீர், தீ, காற்று, ஆகாயம் இவற்றோடு காலமும் திசையும் தனித்தனிப் பொருள்கள். ஆன்மாவும் மனமும் மிச்சம். திசை என்று அவர்கள் சொல்வதை நாம் இடம் என்று கொள்ளலாம். இதில் நுட்பம் என்னவென்றால், தொலைவும் அண்மையும் அவர்கள் பட்டியலில் பொருள்கள் அல்ல, குணங்கள். வைசேஷிக ஆசிரியர் பிரசஸ்தபாதர் எண்ணும் 24 குணங்களில் இவை இரண்டு. அதுவும் மண்ணுக்கு மணம்போல நிரந்தரமாக ஒட்டியிருக்கும் குணங்கள் அல்ல. இதைவிட அது தள்ளி, அதைவிட இது கிட்டே என்று ஒருவர் ஒப்பிட்டு எண்ணும்போது உண்டாகி, அந்த எண்ணம் போனதும் மறைபவை. அதே குணம் காலத்தின் வழியாக வந்தால் மூப்பும் இளமையும் ஆகிறது. ஒப்பிடும் மனம் இல்லாமல் தூரம் இல்லை என்கிறார் அவர்.

காலம் ஒன்றே, எங்கும் நிறைந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள். இதை இன்றைய இயற்பியல் ஒப்பவில்லை. 1971 அக்டோபரில் ஹாஃபல், கீட்டிங் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் அணுக் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கு நோக்கிப் போன கடிகாரங்கள் தரையில் நின்றவற்றைவிட 59 நானோ நொடி பின்தங்கின. மேற்கு நோக்கிப் போனவை 273 நானோ நொடி முந்தின. பறப்பவன் காலமும் இருப்பவன் காலமும் மிக மிகச் சிறிதளவு வேறு. வைசேஷிகர்களின் ஒற்றைக் காலம் இதில் நிற்காது. ஆனால் ஒப்பிட்டால்தான் முன்பின் என்ற அவர்களுடைய மற்றக் கூற்று நிற்கிறது, முன்னைவிட உறுதியாக.

நானோ நொடி யாருடைய பகலிரவையும் மாற்றாது. ஆனால் நெடுந்தொலைவு விமானம் மாற்றும். 2021 ஜனவரி 9 இரவு சான் ஃப்ரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் நேர் விமானம் முதன்முதலாகக் கிளம்பியது. விமானி அறையில் இருந்தவர்கள் அனைவரும் பெண்கள். தலைமை விமானி ஸோயா அகர்வால். வட துருவத்தின் மேலே பறந்து, பதினேழு மணி நேரத்தில், ஜனவரி 11 விடியுமுன் பெங்களூரில் இறங்கியது. இரு நகரங்களுக்கும் இடையே நேர்த் தொலைவு 13,993 கிலோமீட்டர்.

அந்தப் பயணிகளின் ஜனவரி 10 என்ன ஆயிற்று? ஏறும்போது கலிபோர்னியாவில் இரவு. துருவப் பகுதியில் ஜனவரி முழுக்க இரவு. துருவத்தைத் தாண்டி ஆசியாவுக்கு இறங்கி வரும்போது அங்கேயும் பொழுது அடங்கியாயிற்று. இறங்கிய பெங்களூரில் விடியவில்லை. கணக்குப் பார்த்தால் அந்த விமானத்தில் இருந்த யாரும் ஞாயிற்றுக்கிழமைச் சூரியனைப் பார்த்திருக்க வழியே இல்லை. உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லை. அன்று மார்கழி 26. ஊரெல்லாம் விடியற்காலையில் திருப்பாவையின் 26-ஆம் பாசுரம் பாடிய நாள். மாலையில் பிரதோஷம், திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் நந்திக்குப் பாலபிஷேகம் நடக்கும் வேளை. இந்த இரண்டுமே கிழமையால் வருபவை அல்ல, சூரியன் எழுவதாலும் சாய்வதாலும் வருபவை. விமானத்தில் இருந்தவருக்கு அந்த விடியலும் வரவில்லை, அந்த மாலையும் வரவில்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்கிறது. குறிஞ்சி என்றால் மலை மட்டும் அல்ல, யாமமும் கூடத்தான். நெய்தலுக்குக் கடற்கரையோடு எற்பாடு. ஓர் இடத்துக்கு அதன் பொழுது உண்டு, ஒரு பொழுதுக்கு அதன் இடம் உண்டு என்ற கட்டு நம் இலக்கணத்துக்கே அடிக்கல். பதினோராயிரம் மீட்டர் உயரத்தில் ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கீழே நிலம் ஓடுகிறது, கையில் கடிகாரம் ஓடுகிறது, இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

வேறு மதங்களும் இந்த அவிழ்ப்பைச் சந்தித்திருக்கின்றன. 2007 ரமலான் மாதத்தில் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுக்கூர் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சூரியன் உதிக்கும் இடத்தில் ஐந்து வேளைத் தொழுகையை எப்படிக் கணக்கிடுவது என்று அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் கூடிப் பேசி, ராக்கெட் கிளம்பிய ஊரின் நேரத்தைக் கொள்ளலாம் என்று வழி சொன்னார்கள். துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரத்தில் 80-ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011-இல் அங்குள்ள முஃப்தி அறிவித்தார். மேலே சூரியன் பிந்தி மறைகிறதல்லவா. 1941-இல் ஐரோப்பாவிலிருந்து தப்பி ஜப்பானின் கோபே நகரில் தங்கியிருந்த யூத மாணவர்களுக்கு யோம் கிப்பூர் நோன்பு புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று சந்தேகம் வந்தது. தேதிக் கோட்டை எங்கே போடுவது என்பதில் பெரியவர்களிடையே கருத்து வேறுபாடு. உயிர் பிழைத்து ஓடி வந்த நிலையிலும் சரியான நாள் எது என்று தந்தி அடித்துக் கேட்டார்களே, அந்த அக்கறைதான் பெரிது.

நம் திதிக் கணக்கு இதில் வலுவாகவே நிற்கிறது. சந்திரன் சூரியனிலிருந்து பன்னிரண்டு பாகை விலகும்போதெல்லாம் ஒரு திதி முடிந்து அடுத்தது தொடங்குகிறது. அது வானத்தில் நடப்பது. கொட்டிவாக்கத்துக்கும் கலிபோர்னியாவுக்கும் ஒரே கணத்தில் நடப்பது. ஆனால் சிரார்த்தத்தை என்று செய்வது என்பதை முடிவு செய்வது, செய்பவன் நிற்கும் ஊரின் பிற்பகல். ஒரு திதி நம் ஊரில் திங்கள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிச் செவ்வாய் இரவு எட்டுக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கொட்டிவாக்கத்திலிருக்கும் அண்ணன் செவ்வாய் பிற்பகல் செய்வார். சான் ஃப்ரான்சிஸ்கோவில் குளிர்காலமானால் அதே திதி திங்கள் காலை ஆறரைக்கே தொடங்கிவிடும். தம்பிக்குத் திங்கள் பிற்பகல்தான். நாள்காட்டியில் இருவரும் வேறு வேறு நாள். திதியில் ஒரே நாள். "நீ ஒரு நாள் முன்னாடியே பண்ணிட்டே" என்று அண்ணன் தொலைபேசியில் கோபிக்க வேண்டியதே இல்லை. அமெரிக்காவுக்கென்று தனிப் பஞ்சாங்கம் இருப்பது இதற்காகத்தான். அங்குள்ள புரோகிதர்கள் பலர் சங்கல்பத்தில் ஜம்புத்வீபம், பரத வருஷம் என்பதை மாற்றி கிரௌஞ்சத்வீபம் என்று சொல்லித் தொடங்குகிறார்கள். நிற்கிற இடத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் காரியம்.

செய்பவன் நிற்கும் இடமே கணக்கு. இந்த ஒரு விதியைக் கைப்பிடியாகக் கொண்டால் ஐஸ் பாக்ஸ் கேள்விக்கும் விடை கிடைக்கிறது. அப்பாவின் உடலுக்கு உரியது கொட்டிவாக்கத்துப் பொழுது. மகனுக்கு உரியது அவன் செய்தி கேட்ட ஊரின் பொழுது. இரண்டையும் ஒரே பொழுதாக்கக் குளிர்பெட்டியும் துபாய் விமானமும் தேவைப்படுகின்றன; சாஸ்திரத்துக்குத் தேவைப்படவில்லை. கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லையா என்றால், அதற்கும் வரிசையே வைத்திருக்கிறார்கள்: வேறு மகன், பேரன், மனைவி, மகள் வயிற்றுப் பேரன், சகோதரன், சகோதரன் மகன். காரியம் செய்ய வேண்டிய கர்த்தாவிடம் தர்ப்பைப் புல் வாங்கிக்கொண்டு அவருக்காக இன்னொருவர் செய்வது இன்றும் நடப்பதே. தந்தைக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்று வைத்திருக்கும் குடும்பங்களிலும், அவன் ஊரில் இல்லாதபோது பங்காளி ஒருவர் முன்வந்து செய்த கதைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. மகளே முன்நின்று செய்வதும் சென்னைக்கு இப்போது புதிதல்ல.

இஸ்லாம் இந்த முடிச்சை வேறு வகையில் அவிழ்த்தது. அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது என்பதில் அது உறுதி. வர முடியாதவருக்குக் காயிப் ஜனாஸா உண்டு: உடல் கண்முன் இல்லாமலே, இருக்கும் ஊரில் நின்று தொழுவது. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இறந்த செய்தி கேட்டு நபிகள் மதீனாவில் தொழுததுதான் அதற்கு முன்மாதிரி. ஹனஃபி மத்ஹபினர் இதைப் பொதுவிதியாக ஏற்பதில்லை. ஷாஃபி மத்ஹபினர் ஏற்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகளே மிகுதி. பல நூற்றாண்டுகளாகக் கடல் வணிகத்தில் பிள்ளைகளை அனுப்பிய ஊர்களுக்கு இது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாத் தூரமும் கடவுச்சீட்டு உள்ளவனின் தூரம் அல்ல. மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு வான்வழி 360 கிலோமீட்டர்கூட இல்லை. சிறிய விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2019-இல்தான் சென்னையிலிருந்து அங்கே மீண்டும் விமானம் போனது. இடைப்பட்ட போர்க்காலத்தில், சென்னையில் அகதியாக இருந்த மகனுக்கு யாழ்ப்பாணத்தில் இறந்த தாய் கலிபோர்னியாவைவிடத் தொலைவில் இருந்தாள். டொராண்டோவிலும் பாரிசிலும் தஞ்சம் கேட்டு நின்றவர்கள் ஊர் திரும்பினால் அந்தக் கோரிக்கையே போய்விடும் என்பதால் ஒளிநாடாவில் தகப்பனின் சாவு வீட்டைப் பார்த்தார்கள்.

வளைகுடா நாடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே இறப்பவன் மகன். இங்கே காத்திருப்பவர்கள் பெற்றோர். துபாய் நான்கு மணி நேரப் பயணம். ஆனால் இறப்புச் சான்று, காவல்துறை அனுமதி, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, கடவுச்சீட்டு ரத்து, உடலைப் பதப்படுத்திய சான்று, பிறகு சரக்குப் பிரிவில் இடம். வேலை கொடுத்தவர் ஒத்துழைக்காவிட்டால் வாரக்கணக்கில் ஆகிவிடும். ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் இப்படிக் காத்திருந்த தாய்மார்களுக்குப் பிருகஸ்பதியின் யோசனைக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுடைய தூரத்தை அளப்பது அலுவலக முத்திரை. 2020 மார்ச் 23-க்குப் பிறகு, பன்னாட்டு விமானங்கள் நின்ற மாதங்களில், கொட்டிவாக்கமும் இதை அறிந்தது. வசதியுள்ள வீடுகளின் பிள்ளைகளும் கைப்பேசித் திரையில் கொள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டு பெர்க்கிலியிலும் டல்லஸிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தகனங்கள் குறைப்பட்டவை என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. பத்தும் நடந்தது, பதினாறும் நடந்தது, அடுத்த ஆண்டு திதியும் வந்தது.

முகம் பார்க்க வேண்டும் என்ற ஆசையை இதனாலெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாது. அது சாஸ்திரத்துக்கு முந்தியது. கடைசியாக ஒரு முறை அந்தக் கையைத் தொட வேண்டும் என்று 13,900 கிலோமீட்டர் வரும் ஒருவரைப் பார்த்து "அவசியமில்லை" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. காத்திருக்க முடிந்த வீடு காத்திருக்கட்டும். ஆனால் அது அன்பின் காத்திருப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்கட்டும். சாஸ்திரத்தின் பெயரை அதன்மேல் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் இரண்டு கெடுதல். எழுபத்தைந்து வயது மனைவி இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் பெட்டியின் பக்கத்தில் தரையில் கிடக்க நேர்கிறது. எழுந்து படுங்கள் என்று சொல்லவும் யாரும் துணிவதில்லை. விசா முத்திரை கிடைக்காமலோ கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாமலோ அங்கேயே நின்றுவிட்ட மகன், வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பாவி என்று நம்புகிறான். பத்து இரவுக்குள் செய்தி வராத இடமே அயல்தேசம் என்று எழுதிய பழைய ஆசிரியன் இந்த மகனை மன்னிக்கவும் மாட்டான். மன்னிக்க அவன் ஏட்டில் குற்றம் எதுவும் இல்லை.

செய்தியால் அளந்தால் இன்று உலகில் தேசாந்தரமே கிடையாது. அப்பா போன அதே நிமிடத்தில் மகனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் தீட்டு, அவன் துக்கம், அவன் முதல் நாள் எல்லாம் அங்கேயே அந்த நிமிடமே தொடங்கிவிடுகின்றன. விமானம் ஏறினாலும் ஏறாவிட்டாலும்.

கொட்டிவாக்கத்திலும் அடையாறிலும் மயிலாப்பூரிலும் பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் பெற்றோர், அடுத்த முறை அவர்கள் விடுமுறைக்கு வரும்போது இதைப் பேசிவிடுங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், பிள்ளை வர முடியாவிட்டால் யார் கொள்ளி வைப்பது, அதுவரை அம்மாவைப் பக்கத்தில் இருந்து சாப்பிட வைப்பது யார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பிள்ளைக்கும் ஒரு நகல் கொடுத்தனுப்புங்கள்.